கெடு தாண்டிய பதிலைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்து வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன என்று பெங்களூரு வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். பழி நீதிபதிகள் பற்றாக்குறை மீதும் வாய்தா மீதும் போய்விடுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கெம்பேகவுடா ரோட்டு சிட்டி சிவில் கோர்ட்டிலும் மேயோ ஹாலிலும் வழக்கு நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு காரணமும் உண்டு. எதிர்த்தரப்பு தர வேண்டிய பதிலும் ஆவணமும் கெடு தாண்டிக் கிடக்கும். அதைக் கேட்டு இந்தத் தரப்பு வக்கீல் ஒரு கடிதம்கூடப் போட்டிருக்க மாட்டார். வாய்தா அன்று எழுந்து நின்று "இன்னும் பதில் வரவில்லை" என்று வாயால் சொல்வதோடு சரி. ஆர்டர் ஷீட்டில் அது ஏறுவதும் இல்லை, ஏறினாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடிவதில்லை.

பேச்சுக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்வோம். அல்சூரில் அப்பா விட்டுப்போன வீடு. மூன்று போர்ஷன் வாடகைக்கு, ஒன்று போகியத்துக்கு. எல்லாப் பணத்தையும் அண்ணன் வாங்கிக்கொள்கிறார், தங்கை பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். எவ்வளவு வாடகை வந்தது, போகியத் தொகை எங்கே போனது என்பதெல்லாம் அண்ணன் கையில் இருக்கும் ஒப்பந்தங்களிலும் பாஸ்புக்கிலும்தான் இருக்கின்றன. இவற்றை வெளியே கொண்டுவரத்தான் சிவில் நடைமுறைச் சட்டத்தில், அதாவது சி.பி.சி.யில், 11-ஆம் கட்டளை இருக்கிறது.

அந்தக் கட்டளை தரும் வழிகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலவற்றில் கெடு முடிந்ததுமே எதிர்த்தரப்புக்கு நஷ்டம் வந்துவிடும். சிலவற்றில் கோர்ட் உத்தரவு ஒன்று கையில் இருந்து, அதையும் அவர்கள் மீறினால்தான் நஷ்டம். இந்த வித்தியாசம் பார்க்காமல் போடும் மனுக்கள்தான் வீணாகத் தள்ளுபடியாகின்றன.

முதல் வகையில் 15-ஆவது விதி முக்கியமானது. எதிர்த்தரப்பு தன் பதிலுரையிலோ பிரமாணப் பத்திரத்திலோ ஒரு ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால், அல்லது பட்டியலில் சேர்த்திருந்தால், அதைக் காட்டும்படி நோட்டீஸ் கொடுக்கலாம். இதற்கு கோர்ட் அனுமதி வேண்டாம், சி-இணைப்பில் உள்ள 7-ஆம் எண் படிவம் போதும். நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள், எப்போது வந்து பார்க்கலாம் என்று அவர்கள் பதில் நோட்டீஸ் தர வேண்டும். அவர்கள் சொல்லும் நேரமும் அந்தப் பதில் நோட்டீஸிலிருந்து மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும். காட்டாமல் விட்டால், அந்த ஆவணத்தைப் பிறகு தங்கள் பக்கச் சாட்சியமாக அவர்கள் வைக்க முடியாது. தக்க காரணம் காட்டி கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால்தான் உண்டு. பிரதிவாதியாக இருந்து, அந்த ஆவணம் தன் சொந்த உரிமையைப் பற்றியது மட்டுமே என்று காட்டினாலும் தப்பலாம். ஒரு நிபந்தனை: இந்த நோட்டீஸை இஷ்யூஸ், அதாவது வழக்கில் கோர்ட் முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகள், வகுப்பதற்கு முன்போ வகுக்கும் கட்டத்திலோ கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இதே வகையில் இன்னொன்று 12-ஆம் கட்டளை 2-ஆம் விதி. நம் ஆவணங்களை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்தால் ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். பதிலுரையிலும் மறுக்கவில்லை, நோட்டீஸுக்கான பதிலிலும் மறுக்கவில்லை என்றால் அந்த ஆவணம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். வேண்டுமானால் நிரூபிக்கச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கிறது, ஆனாலும் பாரம் குறைகிறது.

இரண்டாவது வகையில் வருபவை எழுத்து வினாக்கள், கைவசமுள்ள ஆவணங்களைப் பட்டியலிட்டுத் தரும் பிரமாணப் பத்திரம், ஆவணத்தைக் கோர்ட்டிலேயே கொண்டுவந்து வைக்கச் சொல்வது. எழுத்து வினாக்களுக்கு முதலில் கோர்ட் அனுமதி வேண்டும். அந்த மனுவை ஏழு நாளில் முடிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் எத்தனை வாய்தா ஆகும் என்பது வாசகர்களுக்கே தெரியும். அனுமதித்த வினாக்களுக்குப் பத்து நாளுக்குள், அல்லது கோர்ட் தரும் அவகாசத்துக்குள், பிரமாணப் பத்திரமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டும்.

இங்கேதான் முதல் ஓட்டை. பத்து நாள் என்று 8-ஆவது விதி சொல்கிறதே தவிர எந்த நாளிலிருந்து பத்து நாள் என்று சொல்லவில்லை. உத்தரவு நாளிலிருந்தா, வினாக்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது. 'மனு அனுமதிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு உத்தரவை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. இன்ன தேதிக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதித் தரும்படி அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலான நீதிபதிகள் எழுதித் தருவார்கள். தேதி இல்லையென்றால், வினாக்களை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கி, அந்த நாளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மார்ச் 6 அன்று கொடுத்திருந்தால் மார்ச் 16 கடைசி நாள். கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் அடுத்து திறக்கும் நாள். கோடை விடுமுறையை மறந்து கணக்குப் போட்டு, கெடு முடியாமலே மனுப் போட்டவர்களும் உண்டு.

கெடு முடிந்த மறுநாள் மனுப் போடத் தேவையில்லை. அன்றே கடிதம் போட வேண்டும், அதுவும் வக்கீலுக்குத்தான் போட வேண்டும். வக்கீல் வைத்திருக்கும் எதிர்க்கட்சிக்காரரிடம் வழக்கு விஷயமாக நேரடியாகத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 34-ஆவது விதி இருக்கிறது. வக்காலத்து போட்ட வக்கீலிடம் சேர்த்த கோர்ட் ஆவணம் கட்சிக்காரருக்கே சேர்ந்ததாகக் கொள்ள 3-ஆம் கட்டளை 5-ஆவது விதி இருப்பதால் அதில் நஷ்டமும் இல்லை. வாட்ஸ்அப்பில் "சார், கொஞ்சம் ஆன்ஸர் அனுப்புங்க" என்று தட்டிவிடுவது கடிதம் ஆகாது. மின்னஞ்சலில் ஒன்று, டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, கையில் கொடுத்து சீல் வாங்கிய நகல் ஒன்று என்று இருந்தால் பிறகு 'வரவே இல்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே வழக்கு எண், சி.சி.எச். எண் (எந்த கோர்ட் ஹால் என்ற எண்), அடுத்த வாய்தா தேதி. பிறகு உள்ளடக்கம் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோதான் போகும் என்றாலும் வாசகர்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

"மார்ச் 3-ஆம் தேதி உத்தரவுப்படி அனுமதிக்கப்பட்ட 14 வினாக்கள் மார்ச் 6 அன்று தங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டன, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து நகல் இணைக்கப்பட்டுள்ளது. பதில் தாக்கல் செய்ய வேண்டிய நாள் மார்ச் 16. இன்றுவரை பதிலும் வரவில்லை, அவகாசம் கேட்டு மனுவும் இல்லை. 15-ஆவது விதிப்படி பிப்ரவரி 20 அன்று கேட்ட ஆவணங்களில் முதல் மாடி வாடகை ஒப்பந்தமும் போகியப் பத்திரமும் காட்டப்படவில்லை. மார்ச் 27 மாலை 5 மணிக்குள் பதில் பிரமாணப் பத்திரத்தின் நகலைத் தருமாறும், ஆவணங்களைப் பார்வையிடத் தங்களுக்கு வசதியான நாளைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். நகல் செலவு எங்களுடையது. ஏதேனும் வினாவுக்கு ஆட்சேபம் இருந்தால் எந்த வினா, என்ன காரணம் என்று தெரிவிக்கவும். மேற்கண்ட நாளுக்குள் எதுவும் வராவிட்டால் 11-ஆம் கட்டளையின் 11-ஆவது, 18-ஆவது விதிகளின்படி மனுத் தாக்கல் செய்து செலவுத் தொகையும் கோருவோம்."

அவ்வளவுதான். மிரட்டல் வேண்டாம், 'வேண்டுமென்றே இழுத்தடிக்கும் தங்கள் கட்சிக்காரர்' போன்ற வசனங்களும் வேண்டாம். இந்தக் கடிதத்தை உண்மையில் படிக்கப்போகிறவர் நீதிபதி. நாளைக்கு மனுவோடு இதை இணைக்கும்போது, நியாயமாகக் கேட்டது யார், பதில் சொல்லாதது யார் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இதே காரணத்தால் சமாதானப் பேச்சை இந்தக் கடிதத்தில் கலக்கக் கூடாது. 'பத்து லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம்' என்ற வரி இருந்தால் கடிதத்தை இணைக்கவே முடியாமல் போய்விடும். அதற்குத் தனிக் கடிதம்.

எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்து பத்து நாள் கேட்டால் கொடுங்கள். ஒரு முறை கொடுங்கள், தேதியோடு கொடுங்கள், அன்றைக்கே 'தாங்கள் போனில் கேட்டபடி ஏப்ரல் 6 வரை' என்று மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டாலும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நியாயமான வாக்கை வக்கீல் காப்பாற்ற வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளில் 35-ஆவது விதி சொல்கிறது. அந்த மின்னஞ்சல் இருந்தால் அதை நினைவூட்டவே தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதில் வராததற்குப் பல நேரம் எதிர்த்தரப்பு வக்கீல் காரணமே இல்லை. கட்சிக்காரர் பாஸ்புக்கைத் தரவில்லை, போனை எடுக்கவில்லை, 'அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு' என்கிறார். அப்படிப்பட்ட வக்கீலுக்கு நம் கடிதம் உதவிதான். தன் கட்சிக்காரர் முன்னால் அதைப் போட்டு, 'பார், அடுத்து உன் டிஃபென்ஸே (எதிர்வாதமே) போகும்' என்று காட்ட அவருக்கு ஒரு காகிதம் கிடைக்கிறது. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கி எழுதாமல் இருப்பதும், நாளைக்கு நாமும் அவரிடம் அவகாசம் கேட்க வேண்டியிருக்குமே என்று விட்டுவிடுவதும் எங்கள் தொழிலில் சகஜம். நஷ்டம் தங்கைக்கு. வாய்தாவுக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்கும் வழக்கம் இதைச் சரிசெய்யப் பெரிதாகத் தூண்டுவதும் இல்லை.

பதிலே வராததைவிட அரைகுறைப் பதிலைக் கையாள்வது கஷ்டம். 'ஞாபகம் இல்லை', 'பதிவேடுகளைப் பார்த்தால்தான் தெரியும்', 'வினா பொருத்தமற்றது' என்று வரும். இங்கே பொதுவாகக் குறைசொல்லிப் பயனில்லை. 3-ஆம் வினாவுக்கு 'ஞாபகம் இல்லை' என்றிருக்கிறது, ஆனால் பதிலுரையின் 9-ஆவது பத்தியில் அதே வாடகையை அவரே குறிப்பிட்டிருக்கிறார் என்று எண் போட்டுக் காட்டினால்தான், முழுமையாகப் பதில் சொல்லும்படி 11-ஆவது விதியின் கீழ் உத்தரவு வரும். எழுத்தில் மட்டுமல்ல, கோர்ட்டில் நேரில் வந்து வாயால் பதில் சொல்லும்படியும் அந்த விதியில் உத்தரவிடலாம். இந்தப் பகுதியை மனுவில் யாரும் கேட்பதே இல்லை.

பல ஆட்சேபங்களுக்கு நம் வினாக்களே இடம் கொடுக்கின்றன. 'வாடகைப் பணத்தை மோசடி செய்தீர்களா?' என்பது குறுக்கு விசாரணைக் கேள்வி. குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடியதெல்லாம் எழுத்து வினாவாகிவிடாது என்பதை ரேபரேலி தேர்தல் வழக்கிலேயே, 1972-இல் ராஜ் நாராயண் எதிர் இந்திரா காந்தி தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. '2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை முதல் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்கள் யார் யார், மாத வாடகை எவ்வளவு, எந்தக் கணக்கில் வரவானது?' என்று கேட்டால் நழுவ முடியாது. அதேபோல் 'சொத்து சம்பந்தமான எல்லா ஆவணங்களும்' என்று கேட்காதீர்கள். வில்லங்கச் சான்றும் பதிவான கிரயப் பத்திரத்தின் சான்று நகலும் கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் பணம் கட்டினால் நமக்கே கிடைக்கும். அவற்றைப் பட்டியலில் சேர்த்தால், உண்மையில் வேண்டிய பாஸ்புக்கும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். மறுபக்கம், ஒரு ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதாக இருந்தால்தான் கேட்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது சரியல்ல. வழக்கில் உள்ள விஷயத்தின் மீது வெளிச்சம் போடக்கூடியதாக இருந்தாலே போதும் என்று அதே 1972-இல் எம்.எல். சேத்தி எதிர் ஆர்.பி. கபூர் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

பாஸ்புக் தொலைந்துவிட்டது என்று பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்தால் அத்தோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வங்கி வழக்கில் கட்சி அல்ல, அதற்கு 11-ஆம் கட்டளை பொருந்தாது. 16-ஆம் கட்டளை 6-ஆவது விதியில் ஆவணத்தை மட்டும் அனுப்பும்படி வங்கிக்குச் சம்மன் கேட்கலாம். மேனேஜர் நேரில் வரத் தேவையில்லை. கணக்கு எண்ணும் கிளையும் வேண்டும், அதனால்தான் வினாவில் 'எந்தக் கணக்கில்' என்று கேட்பது.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் இணையத்திலிருந்து அமெரிக்க மாதிரிக் கடிதத்தை எடுத்துவந்து 'இதை அப்படியே அனுப்புங்கள்' என்கிறார்கள். அங்கே ஃபெடரல் கோர்ட்டுகளில் வினாக்களுக்கு முன் அனுமதி வேண்டாம். ஒரு தரப்புக்கு 25 வினா வரை, பதிலுக்கு 30 நாள். கட்டாய உத்தரவு கேட்டு மனுப் போடுமுன் எதிர்த்தரப்போடு நல்லெண்ணத்தோடு பேசிப் பார்த்தோம் என்று சான்று எழுதித் தர வேண்டும். அந்தச் சான்று விதி இங்கே இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மற்றதை அங்கேயே விட்டுவிடுங்கள். 30 நாள் என்று எழுதிப்போட்டால் நாமே எதிர்த்தரப்புக்கு 20 நாள் தானம் செய்ததாகும்.

கடிதத்துக்கும் அசையாவிட்டால் ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, தாக்கல். அதோடு அனுமதி உத்தரவு நகல், வினாக்கள், பெற்றுக்கொண்ட கையெழுத்து, நம் கடிதம், டெலிவரி சான்று ஆகியவை போக வேண்டும். கோரிக்கையில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்த வினா, எந்த ஆவணம் என்ற பட்டியல், தேதி, தவறினால் 21-ஆவது விதிப்படி டிஃபென்ஸை நீக்கும் நடவடிக்கை வரும் என்ற எச்சரிக்கை வாசகம். கூடவே சி.பி.சி. 35-பி பிரிவில் செலவுத் தொகை. அந்தப் பிரிவின் பலம் தொகையில் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாய்தாவை வீணாக்கியவர், உத்தரவான தொகையை அடுத்த வாய்தாவில் கட்டினால்தான் வழக்கையோ டிஃபென்ஸையோ மேலே நடத்த முடியும்.

21-ஆவது விதிக்கு நேராகத் தாவுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. கெடு முடிந்த மறுவாரமே 'டிஃபென்ஸை நீக்குங்கள்' என்று மனு. பத்து நாள் கடந்தது மட்டும் போதாது, பதில் சொல்லும்படியோ ஆவணத்தைக் காட்டும்படியோ கோர்ட் போட்ட உத்தரவை மீறியிருக்க வேண்டும். அப்போதும்கூட இது கடைசி ஆயுதம், வேண்டுமென்றே மீறியதாக இருந்தால்தான் என்று 1978-இல் பப்பர் தையல் மெஷின் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வாதியும் இதற்கு விலக்கல்ல. வாதி மீறினால் வழக்கே தள்ளுபடி, அதே காரணத்துக்கு மறுவழக்கும் போட முடியாது.

டிஃபென்ஸ் நீங்காவிட்டாலும் கடிதங்கள் வீண் அல்ல. நோட்டீஸ் கொடுத்தும் தராத ஆவணத்தைப் பிறகு தன் சாட்சியமாக வைக்க எதிர்த்தரப்புக்கு உள்ள தடை, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 167-ஆவது பிரிவில் இருக்கிறது. மறைத்தது வெளியே வந்தால் அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்க 119-ஆவது பிரிவு இடம் தருகிறது. மூலத்தைத் தரவில்லை என்றால் நம்மிடம் உள்ள ஜெராக்ஸை வைக்க 64-ஆவது பிரிவு நோட்டீஸ் வழி திறக்கும். மூன்றுக்கும் நாம் கேட்டதற்கான எழுத்து வேண்டும்.

மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறு என்றால் கணக்கே வேறு. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் அத்தகைய வழக்குகளுக்கு 11-ஆம் கட்டளையை மாற்றி எழுதிவிட்டது. கைவசமுள்ள எல்லா ஆவணங்களையும் பிராதோடும் பதிலுரையோடும் தந்துவிட வேண்டும். பதிலுரை தாக்கலான 30 நாளில் பார்வையிடல் முடிய வேண்டும். கோர்ட் நீட்டித்தாலும் மேலும் 30 நாள்தான். ஆவணம் தரும்படி நோட்டீஸ் வந்தால் ஏழு நாளுக்குக் குறையாமல் பதினைந்து நாளுக்கு மிகாமல் அவகாசம். காட்டச் சொல்லி உத்தரவானால் ஐந்து நாளில் நகல். கடிதத்தில் 21-ஆவது விதியைக் காட்டினால் அங்கே எடுபடாது, வழக்கு மேலாண்மை பற்றிய 15-ஏ கட்டளையைக் காட்ட வேண்டும்.

கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு தினசரி உத்தரவுகளைப் படியுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் தாக்கல் செய்ய இன்ன தேதி என்று அதில் இருந்து, அந்தத் தேதி போயிருந்தால், உங்கள் வக்கீலிடம் 'என்ன ஆச்சு சார்' என்று கேட்காதீர்கள். 'கடிதம் போட்டாச்சா, அதன் நகல் ஒன்று கொடுங்கள்' என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சிவில் வக்கீல் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.